டச் போன் வாங்கிக் கொடுத்த பிள்ளைகளுக்கு

கொடைக்கானலின் மேல்மலையிலும் கீழ்மலையிலும் பிறந்து, பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் விளையாடி வளர்ந்து, இன்று சென்னை, கோவை, திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று பரவி வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாருக்கும், மன்னவனூர் சாலையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து உங்கள் டீச்சர் எழுதும் மடல்.

31 வருடம் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தியிருக்கிறேன். உங்களில் பல பேருக்கு முதல் எழுத்தை எழுதக் கை பிடித்தவள் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்த என் மகள் எனக்கொரு டச் போன் வாங்கி வந்திருந்தாள். அதுவரை பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருந்தது ஒரு பட்டன் போன். அதில் 5-ஆம் எண் தேய்ந்து மறைந்துவிட்டது. பின்மூடி கழன்றுவிடும் என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். "எத்தனை நாளைக்கும்மா இதையே வச்சிருப்பீங்க" என்றாள். மூஞ்சிக்கல்லில் ஒரு கடையில் சின்ன சிம் மாற்றினாள். வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் எல்லாம் போட்டுக் கொடுத்தாள். இதைத் தள்ளுங்க, இதைத் தொடுங்க, இது வாட்ஸாப், இது யூடியூப், தெரியலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஆறேகால் இருக்கும். பனி இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் மகள் பெயர், கீழே பச்சை வட்டம். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்தப் பச்சையை அழுத்தினேன். எடுக்கவில்லை. பலமாக அழுத்தினேன். அப்போதும் எடுக்கவில்லை. பச்சை என்றால் அழுத்துவது, சிவப்பு என்றால் வைப்பது; பன்னிரண்டு வருடமாக என் விரலுக்குத் தெரிந்தது அதுதான். இந்தப் பச்சையை அழுத்தக் கூடாது, மேலே தள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஏழு முறை அடித்து ஏழு முறையும் நின்றுபோனது. சென்னையில் போய் இறங்கிய பிள்ளை, அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பயந்து டீக்கடைக்காரருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மேடேறி ஓடி வந்து, "டீச்சர், நல்லாத்தானே இருக்கீங்க?" என்று மூச்சு வாங்க என் வாசலில் நின்றார்.

அன்றிலிருந்து நாற்பது நாள் ஆகிறது. இப்போது எனக்கு இந்தப் போன் கைவந்துவிட்டது. இந்த மடலையே அதில்தான் எழுதுகிறேன். ஆனால் நான் தினமும் பேப்பர் படிக்கிறவள், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள். எனக்கே இந்தப் பாடு என்றால் உங்கள் அம்மா அப்பாவுக்கு, அம்மாச்சிக்கு, அப்பத்தாவுக்கு எப்படி இருக்கும் என்று இந்த நாற்பது நாளும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். போனுக்குப் பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் செலவு செய்கிறீர்கள். அதோடு இரண்டு நாளையும் செலவு செய்யுங்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடித் திரை நாம் கொடுக்கிற அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. நம் தோல் மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்டே வரும்போது கண்ணாடிக்கு அடியில் இருக்கிற மின்புலம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் போன் படிக்கிறது. பூண்டு ஊன்றி, களை பறித்து, மார்கழிக் குளிரில் தோல் தடித்து வெடித்துப்போன விரலை அது சரியாகப் படிக்காது. கண்ணாடி மேல் பனித்துளி விழுந்தாலோ, துளியையும் விரலென்று எடுத்துக்கொண்டு எதையாவது திறந்துவிடும். உங்கள் அம்மா "இந்த போன் நான் சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று சொல்லும்போது, அவருக்குத் தெரியவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் சொல்வது நிஜம். கையை வெந்நீரில் கழுவி, துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிய பிறகு என் விரலை அது நன்றாகவே கேட்கிறது. சில போன்களில் தொடு உணர்வைக் கூட்டிவைக்க அமைப்புகளில் வழி இருக்கிறது. அதைத் தேடிப் போட்டுக் கொடுங்கள்.

கைரேகைப் பூட்டும் இப்படித்தான். ரேஷன் கடையில் "ரேகை விழலம்மா, வேற விரலை வைங்க" என்று சொல்லக் கேட்டுக் கேட்டு நம் ஊர்ப் பெண்களுக்குப் பழகிப்போய்விட்டது. மண்ணில் தேய்ந்த ரேகை போனில் மட்டும் விழுந்துவிடுமா? என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் மகன் கட்டைவிரல் ரேகையில் பூட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். பூண்டு அறுவடை நாளில் தன் போனைத் தானே திறக்க முடியாமல் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஞாபகம் இருக்கிற நாலு எண்ணைப் போட்டுக் கொடுங்கள். அந்த எண்ணை அவரே சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

அடுத்த தெருவில் எழுபத்தெட்டு வயது அப்பத்தா ஒருவர் இருக்கிறார். எழுத்துத் தெரியாது. ஆனால் பட்டன் போனில் அவர் யாரையும் கூப்பிடுவார். 2-ஐ அழுத்திப் பிடித்தால் திருப்பூர் மகன், 3 என்றால் பண்ணைக்காட்டு மகள், 4 என்றால் ஜீப்காரர். 5-இன் மேல் ஒரு சின்னப் புள்ளி தட்டுப்படுமே, அதை வைத்து இருட்டிலும் எந்தப் பட்டன் எங்கே என்று தடவிக் கண்டுபிடித்துவிடுவார். போன தீபாவளிக்குப் பேரன் டச் போன் கொடுத்துவிட்டு, பழசை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கண்ணாடியில் தடவ என்ன இருக்கிறது? எங்கே தொட்டாலும் ஒரே வழுவழுப்பு. மூன்று மாதமாக அவர் யாரையும் கூப்பிடவில்லை. வந்தால் பேசுவார், அதுவும் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து எடுத்துக் கொடுத்தால்தான். அவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்த மனுஷி என்பதை மறக்காதீர்கள்.

போன வாரம் நானும் அந்தப் பேத்தியும் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். மகன், மகள், ஜீப்காரர், நான், நாலு பேர் முகத்தையும் படமெடுத்து, அந்தந்த எண்ணோடு சேர்த்து, முகப்புத் திரையிலேயே பெரிதாக வைத்தோம். முகத்தைத் தொட்டால் நேராக அழைப்பு போய்விடும். வேறெதையும் முகப்பில் வைக்கவில்லை. மற்ற எல்லா ஐக்கானையும் எடுத்துவிட்டோம். அப்பத்தா மகன் முகத்தைத் தொட்டார். அந்தப் பக்கம் "அம்மா?" என்று கேட்டது. போனைக் காதில் வைக்காமல், திரையில் இருந்த மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். இதைச் செய்ய எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரம் தீபாவளிக்கே கிடைத்திருக்க வேண்டும்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து கேளுங்கள். என் பட்டன் போனில் பாதி எண்கள் சிம்மில் இருந்தன, மீதி போனிலேயே இருந்தன. சிம்மில் இருந்தது மட்டும்தான் புதுப் போனுக்கு வந்தது. எண்களைத் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் காலமான என் வீட்டுக்காரர் அனுப்பிய குறுஞ்செய்திகளும் அந்தப் போனில்தான் இருந்தன. "பஸ் ஏறிட்டேன்", "பெருமாள்மலை வந்தாச்சு", "மழை, குடை எடுத்துட்டு ஸ்டாப்புக்கு வா". அவ்வளவுதான் எழுதுவார். அவை புதுப் போனுக்கு வர வழியில்லை என்று தெரிந்ததும், பழைய போனைச் சார்ஜ் போட்டு, ஒவ்வொரு செய்தியாகத் திறந்து வைத்து, புதுப் போனால் படமெடுத்தேன். நாற்பத்தொரு படம். என் மகள் அந்தப் போனைக் கடையில் கொடுத்துவிட நினைத்தாள். நல்லவேளை, அவளுக்கு அன்று நேரமில்லை.

இனி, நான் மிகவும் கவலைப்படுகிற ஒரு விஷயம். கோடைப் பண்பலை.

உங்களுக்கு நினைவிருக்கும். காட்டு வேலைக்குப் போகிற ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பட்டன் போன் பாடிக்கொண்டிருக்கும். 100.5-இல் கோடைப் பண்பலை. இந்த மலை மேல் இருக்கிற டவரிலிருந்து மதுரை, திண்டுக்கல், திருச்சி என்று சமவெளி முழுக்கக் கேட்கிற வானொலி அது. நமக்கு அது அக்கம்பக்கத்து வீட்டுக் குரல்தான். மழை எச்சரிக்கை, பயிருக்கு என்ன நோய், என்ன மருந்து, நேயர் விருப்பம் எல்லாம் அதில்தான். காசு கிடையாது, நெட் கிடையாது, சிக்னல் இல்லாத பள்ளத்திலும் பாடும்.

என் புதுப் போனில் எஃப்.எம். இல்லை. இரண்டு நாள் தேடினேன். மகளைக் கேட்டேன், "ஆப் போட்டுத் தரேன்" என்றாள். ஆப்பில் கேட்க நெட் வேண்டும். பூண்டுக் காட்டில் நெட் எங்கே இருக்கிறது? எஃப்.எம். வாங்கியின் வேலை எனக்கு இப்போது புரிகிறது. அது காற்றில் வருவதை அப்படியே பிடிக்கும். ஆனால் அதற்கு ஆன்டெனா வேண்டும். போனில் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. இப்போது பல போன்களில் இயர்போன் சொருகுகிற ஓட்டையையே எடுத்துவிட்டார்கள். 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே, எஃப்.எம். வசதியை முடக்கி வைக்காதீர்கள், பேரிடர் நேரத்தில் மக்களுக்கு அது வேண்டும் என்று போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அப்படியும் கடையில் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கிறது. நீங்கள் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறீர்கள். எஃப்.எம். இருக்கிறதா, இயர்போன் ஓட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். மேல்மலையில் வாழ்கிறவர்களுக்கு இது கேமராவைவிட முக்கியம். அப்படிப்பட்ட போன் கிடைக்கவே இல்லையென்றால், ஒரு சின்ன ரேடியோவையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.

பேரிடர் என்று வாய்க்கு வந்ததால் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவைச் சிதைத்துவிட்டு, மேற்கே வந்து நம் மலையிலும் ஏறியது. மரங்கள் சாலை முழுக்கக் கிடந்தன. கரண்ட் போனது போனதுதான். டவரில் டீசல் இருந்த வரை சிக்னல், பிறகு அதுவும் இல்லை. வெளியூரில் இருந்த நீங்கள் எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தீர்கள். அந்த நாட்களில் என் பட்டன் போன் ஒரு சார்ஜில் நாலு நாள் தாங்கியது. இரண்டு பார் சிக்னல் வந்த ஒரு நிமிடத்தில் மகளுக்கு "நல்லா இருக்கேன்" என்று சொன்னது அந்தப் போனில்தான். இந்த டச் போன் காலையில் போட்ட சார்ஜை இரவுக்குள் தின்றுவிடுகிறது. சிக்னல் மங்கலாக இருக்கிற இடத்தில் டவரைத் தேடித் தேடியே பாட்டரி இறங்கும். உறைபனி விழுகிற தை மாதக் காலையில் இன்னும் சீக்கிரம் இறங்கும், ஏனென்றால் குளிரில் லித்தியம் பாட்டரிக்குள் நடக்கிற வேதிவினை மந்தமாகிவிடும். 5ஜி வராத ஊரில் போனை 4ஜியில் நிறுத்தி வையுங்கள். இரவில் மேசை மேல் வைக்காமல் துணிக்குள் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பழைய பட்டன் போனை எறியாமல், ஒரு சிம் போட்டு அலமாரியில் வையுங்கள்.

மொழிக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உங்கள் மேல் வருத்தம் அதிகம்.

மகள் கொடுத்தபோது போன் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். எதைத் திறந்தாலும் ஒரு கேள்வி வரும், கீழே இரண்டு பதில் இருக்கும், நீல நிறத்தில் இருப்பதை அழுத்திவிடுவேன். பிறகு நானே தேடி மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். ஒரு நிமிட வேலை. மாற்றிய பிறகுதான் தெரிந்தது, இத்தனை நாளாக எதற்கெல்லாம் சம்மதம் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று. டார்ச் அடிக்கிற ஆப் ஒன்றை யாரோ சொல்லிப் போட்டிருந்தேன். அது என் தொடர்பு எண்கள் அத்தனையையும் பார்க்க அனுமதி கேட்கிறது. வெளிச்சம் காட்ட என் சம்பந்தி வீட்டு எண் எதற்கு? உடனே எடுத்துவிட்டேன். போனிலேயே டார்ச் இருக்கிறது. என் மொழியில் படித்திருந்தால் முதல் நாளே "வேண்டாம்" என்று சொல்லியிருப்பேன். உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார்.

தமிழில் போன் நன்றாக வராது, எழுத்து உடையும் என்று சிலர் இன்னும் சொல்கிறீர்கள். அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. மலேசியாவில் இருக்கிற முத்து நெடுமாறன் 2005-இலேயே சாதாரணப் போனில் தமிழ் எழுதச் செல்லினம் என்ற மென்பொருளைக் கொண்டுவந்துவிட்டார். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை முடிவானது. அதைக் கற்றுக்கொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை ஒரு ஆசிரியையாகச் சொல்ல வேண்டும். இடது பக்கம் உயிர் எழுத்து, வலது பக்கம் மெய். ‘க’வைத் தொட்டு ‘ஆ’வைத் தொட்டால் ‘கா’. ‘ப’வைத் தொட்டு ‘ஊ’வைத் தொட்டால் ‘பூ’. இரண்டாம் வகுப்பில் கரும்பலகையில் உயிர்மெய் அட்டவணை போட்டு நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படியே கண்ணாடிக்குள் இருக்கிறது. அம்மாவை "amma" என்று ஆங்கில எழுத்தைக் கூட்டி எழுத வைக்கிறீர்களே, அவர் எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழ் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. அதை ஏன் வீணாக்குகிறீர்கள்?

எழுத வராதவர்களுக்குப் பேசினாலே எழுதிக் கொடுக்கிறது. 2017-இல் கூகுள் தமிழையும் குரல் தட்டச்சில் சேர்த்தது. மைக் படத்தைத் தொட்டு, நிதானமாகப் பேசினால் பத்துக்கு எட்டுச் சொல் சரியாக வருகிறது. நம் ஊர்ப் பெயர்கள்தான் அதற்குப் பிடிபடவில்லை. கிளாவரை என்று நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் மூன்று வேறு சொல் எழுதியது. கவுஞ்சி, கூக்கால், வெள்ளகவி எதுவும் சரியாக வரவில்லை. உங்களில் சிலர் கணினி நிறுவனங்களில் இந்த வேலையிலேயே இருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். நம் மலைப் பேச்சையும் அதன் காதில் போடுங்கள். அதுவரைக்கும், விசைப்பலகையில் சொந்த அகராதி என்று ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயர், உறவுப் பெயர், மருந்துப் பெயரை அதில் நீங்களே சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். கால் மணி நேரம் ஆகும். எழுத்தையும் பெரிதாக்கி வையுங்கள்.

இன்னொன்று. மாலை ஆறரைக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து யூக்கலிப்டஸ் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கும் அல்லவா, அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்ப ஆசைப்பட்டேன். நான் கண்ணால் பார்த்தது சாம்பல் நிறம். படத்தில் விழுந்தது மூன்று மணி வெயில் மாதிரி ஒரு வெளிச்சம். மூடுபனியைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. போன் ஒரே நொடியில் பல படம் எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இருட்டை வெளுத்துவிடுகிறது. "கிளைமேட் சூப்பரா இருக்கேம்மா" என்று பதில் போட்டாள். அவள் பார்க்க வேண்டியது அதுவல்ல. இரவுப் பட முறையை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்து எடுத்தபோதுதான் நம் ஊர் வந்தது. உங்கள் வீட்டாருக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள். அவர்கள் அனுப்புகிற படத்தில் உங்கள் ஊர் இருக்கட்டும்.

எடுத்த படங்களைப் பத்திரப்படுத்தவும் வேண்டும். ஐந்தாம் வகுப்பில் உங்களைக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன், நினைவிருக்கிறதா? 1904-லிருந்து அங்கே சூரியனைப் படமெடுத்துக் கண்ணாடித் தகடுகளில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்தத் தகடுகளை இப்போது கணினிக்கு மாற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஆராயலாம் என்று வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் தாத்தா படம் ஒரே ஒரு போனில் இருக்கிறது. அந்தப் போன் தண்ணித் தொட்டியில் விழுந்தால் தாத்தா படம் போச்சு. நீங்கள் வருகிற நாளில் படங்களை இன்னொரு இடத்தில் சேமித்துவிட்டுப் போங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மிக முக்கியம். நம் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் நேராகவே போன் போட்டு வாங்குகிறார்கள். வடுகபட்டி சந்தைக்குக் கொண்டுபோன சரக்குக்கும் இப்போது பணம் போனில் வருகிறது. நல்லது. ஆனால் பணம் வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியதில்லை, பணம் போவதற்குத்தான் போட வேண்டும் என்ற ஒரு வரியை உங்கள் அப்பாவிடம் பத்து முறை சொல்லியிருக்கிறீர்களா? வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும், திறந்தால் அது போனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வங்கிச் செய்திகளைப் படிக்கும். போலீஸ் உடுப்புப் போட்டு வீடியோவில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேச வேண்டும். இந்த எண்ணைப் போனிலும் போட்டு, சுவர்க் காலண்டரிலும் எழுதி வையுங்கள். நம் ஊரில் ஒரு விவசாயி போன மாசிக்கு உருளைக்கிழங்கு விற்ற பணத்தை இப்படி இழந்தார். மானக்கேடு என்று மகனிடம் பதினைந்து நாள் சொல்லவில்லை. நீங்கள் கோபப்படுவீர்கள் என்ற பயம்தான் அவர்களுக்கு. "எது நடந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உங்களில் சிலரை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, மனது கனக்கவும் செய்கிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது என்னிடம் படித்த ஒரு பெண் அங்கே வேலைக்குப் போனாள். 2014 நவம்பரில் அது மூடியபோது ஊர் திரும்பினாள். இன்று அதே ஊரில், உலகமெங்கும் போகிற ஐபோனை நம் பெண் பிள்ளைகள் வரிசையில் நின்று பூட்டுகிறார்கள். அப்படி நிற்கிற ஒருத்தியின் அம்மா என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், எம் புள்ள கூப்பிடுது, எப்படி எடுக்கிறதுன்னு காமிங்க" என்று போனை நீட்டினார். கையைப் பிடித்து, விரலைப் பச்சையின் மேல் வைத்து, மேலே தள்ளிக் காட்டினேன். உங்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்ததும் இப்படித்தான். ஒரு நாளில் வரவில்லை. சிலேட்டில் தினமும் எழுதி எழுதித்தான் வந்தது. நீங்கள் அழித்து அழித்து எழுதியபோது நான் கோபப்பட்டிருந்தால் உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியிருப்பீர்கள்.

தொண்ணூறுகளில் மகளை வெளியூரில் படிக்க வைத்திருந்தவர்கள், அவளோடு பேச இங்கிருந்து பஸ் ஏறிக் கொடைக்கானலுக்குப் போய், எஸ்.டி.டி. பூத் வாசலில் கட்டணம் குறைகிற இரவு நேரம் வரை குளிரில் காத்து நிற்பார்கள். மூன்று நிமிடம் பேசிவிட்டு, அந்த இரவு தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்து, காலை முதல் பஸ்ஸில் ஊர் வருவார்கள். உங்கள் குரலுக்காக ஒரு ராத்திரியையே கொடுத்தவர்கள் அவர்கள்.

அதனால், அடுத்த முறை திருவிழாவுக்கோ லீவுக்கோ வரும்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்குங்கள். முதல் நாள் நீங்கள் செய்து காட்டுங்கள். இரண்டாம் நாள் போனை நீங்கள் தொடாதீர்கள், அவர்கள் கையிலேயே இருக்கட்டும், எவ்வளவு நேரமானாலும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கிளம்புகிற அன்று நீங்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போங்கள். வீட்டிலிருந்து அம்மா தானாக உங்களைக் கூப்பிடட்டும். அந்த அழைப்பு வந்த பிறகு பஸ் ஏறுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மேல்மலை.